ஜோர்ஜ் பென்சன் ஜாஸை விற்றுவிட்டுப் போனாரா? ஸ்மூத் ஜாஸ் கிற்றாரை நம்பி வாழலாமா?

உப்புவெளி_பெடியன்:

வணக்கம். திருகோணமலையில் கிற்றார் வாசிக்கிற ஆக்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், இதை வேறு எங்கே போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

நான் இசைக்குழுவோடு கோயில் திருவிழா, கலியாண வீடு என்று போய் வாசிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ச்சில் வாசிப்பேன். சீசன் வந்தால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் இராச்சாப்பாட்டு நேரத்துக்குத் தனியாக இருந்து வாசிக்கக் கூப்பிடுவார்கள். அந்த வேலைக்கு என்ன வாசிக்கலாம் என்று தேடப் போய்த்தான் ஸ்மூத் ஜாஸ், அதாவது பொப் மெட்டுச் சாயலில் மெதுவாக வாசிக்கிற ஜாஸ், அந்தப் பக்கம் வந்தேன், வந்த பிறகு திரும்பிப் போக மனமில்லை. ஏர்ல் க்ளூ, லாரி கார்ல்டன், லீ ரிட்டனவர் என்ற கிற்றார்காரர் எல்லாரையும் கேட்கிறேன், ஆனால் எனக்கு ஜோர்ஜ் பென்சனுக்குப் பிறகுதான் மற்ற ஆக்கள். 1976இல் வந்த 'பிரீசின்' இசைத்தட்டில் அவர் ஒரு மெட்டை அவசரமே இல்லாமல், ஆனால் ஒரு இடத்திலும் தாளம் தொய்யாமல் சொல்லிக்கொண்டு போகிற விதம் இருக்கிறதே, அதை ஒரு மனுசன் எப்படிச் செய்கிறான் என்று விடிய விடியக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

போன கிழமை ஹோட்டலில் சாப்பிட வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், அவரும் கிற்றார் வாசிக்கிறவராம், நான் இடைவேளை எடுத்தபோது வந்து கதைத்தார். பென்சன் ஒரு காலத்தில் பெரிய ஜாஸ் கலைஞன், 76க்குப் பிறகு காசுக்காக ஜாஸை விற்றுவிட்டுப் பாட்டுப் பாடப் போய்விட்டான், நீ வாசிக்கிறது லிஃப்டுக்குள்ளே போடுகிற இசை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் அது மனதைப் போட்டு அரிக்கிறது. வீட்டில் அப்பா சொல்வது வேறு கதை: பாடுகிற ஆள் இல்லாத பாட்டை யார் காசு குடுத்துக் கேட்கப் போறான், ஒரு அரசாங்க வேலைக்கு எழுதிப் போடு என்கிறார்.

பென்சனைப் பற்றி அந்த ஆள் சொன்னது உண்மையா? அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்? இந்த இசையை மட்டும் நம்பி வாழ்ந்த ஆக்கள் இருக்கிறார்களா? அப்புறம், அந்த வாசிப்புக்குக் கிட்டப் போக நான் எதைப் பழக வேண்டும்? அறிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், நான் முழுவதும் வாசிப்பேன்.

ஓர்ஸ்ஹில்_வானொலி:

தம்பி, அந்த லிஃப்ட் கதையை முதலில் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். அப்படிச் சொல்கிற ஆக்கள் பென்சனை 1976இலிருந்து பார்க்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் அந்த மனுசனுக்கு இருபது வருசத்துக்கு மேலான தொழில் இருக்கிறது, அதை விட்டுவிட்டுக் கதைத்தால் அவர் ஏன் அப்படி வாசித்தார் என்பதே விளங்காது.

நான் பழைய ஆள். எங்கள் காலத்தில் இந்த ஊரில் ஜாஸ் என்றால் இரவில் சிற்றலையில் வருகிற வொய்ஸ் ஒஃப் அமெரிக்காதான். வில்லிஸ் கொனோவர் என்று ஒருவர் 1955இல் அந்த நிகழ்ச்சியைத் தொடங்கி 1996இல் சாகும்வரை நடத்தினார், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் விளங்குகிற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கதைப்பார். அலை வரும், போகும், இடையில் இரைச்சல், ஆனாலும் ஓர்ஸ்ஹில்லில் இருந்துகொண்டு வெஸ் மொன்ட்கொமரி என்ற ஜாஸ் கிற்றார்காரர் யார் என்று அப்படித்தான் அறிந்தோம். அங்கே பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை, அதனால் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பென்சன் 1943இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர், ஏழ்மையான குடும்பம். ஏழு வயதில் தெருமூலை மருந்துக்கடையில் யுகலேலி வாசித்துச் சில்லறை சேர்த்த பிள்ளை. பிறகு கிற்றார். அவருடைய சிறிய தகப்பன், அதாவது தாயின் இரண்டாவது கணவர், சார்லி கிறிஸ்டியன் என்ற பழைய ஜாஸ் கிற்றார்காரர் என்றால் உயிரை விடுகிற ஆள், அந்த இசைத்தட்டுகளைப் போட்டுப் போட்டுத்தான் பெடியனுக்குக் காது திறந்தது. 1954இல், பத்துப் பதினொரு வயதில், 'லிட்டில் ஜோர்ஜி' என்ற பெயரில் முதல் தட்டுப் போட்டார். அதில் அவர் என்ன செய்தார் தெரியுமா? பாடினார். ஆக, 76இல் காசுக்காகப் பாடத் தொடங்கினான் என்ற கதை அந்த இடத்திலேயே விழுந்துபோகிறது. பாட்டு அவருக்குக் கிற்றாருக்கு முந்தி வந்த தொழில்.

அடுத்ததுதான் நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டிய பகுதி. 60களின் தொடக்கத்தில், இருபது வயதுகூடச் சரியாக ஆகாத நேரத்தில், ஜாக் மெக்டஃப் என்ற ஓர்கன்காரரின் குழுவில் சேர்ந்தார். அந்தக் காலத்து ஓர்கன் குழு எப்படி என்றால், பேஸ் வாசிக்கத் தனியாக ஆள் கிடையாது, ஓர்கன்காரரே அதையும் பார்த்துக்கொள்வார், கூட ஒரு ட்ரம்ஸ், ஒரு கிற்றார், ஒரு சாக்ஸபோன். ஊர் ஊராகக் காரில் போய்க் குடிக்கவும் ஆடவும் வருகிற சனத்துக்கு முன்னால் வாசிக்க வேண்டும். அங்கே கெட்டித்தனம் காட்ட நேரமில்லை. சனம் காலைத் தட்டவில்லை என்றால் தலைவர் மேடையிலேயே திட்டுவார். ப்ளூஸ் தெரியாமல், தாளம் இறுகாமல் அந்த வேலையில் ஒரு கிழமை நிற்க முடியாது. பென்சன் அதில் வருசக்கணக்காக நின்றவர். உங்களுக்குத் திருவிழா மேடையில் நடுச்சாமம் தாண்டி, முன்னால் சனம் ஆடிக்கொண்டிருக்க, பாடுகிறவர் கேட்ட சுருதிக்கு உடனே மாற்றி வாசித்துப் பழக்கம் இருக்கும்தானே, அந்தப் பழக்கத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். அதுதான் அவருக்கும் பள்ளிக்கூடம்.

1964இல் தன் பெயரில் முதல் இசைத்தட்டு. பிறகு சொந்தக் குழு வைத்து, 1966இல் தயாரிப்பாளர் ஜோன் ஹமண்டின் கீழ் கொலம்பியா நிறுவனத்துக்கு இரண்டு தட்டுகள். 1939இல் சார்லி கிறிஸ்டியனைக் கொண்டுபோய் இசைக்குழுத் தலைவர் பெனி குட்மனிடம் சேர்த்தவரும் இதே ஹமண்ட்தான், சிறிய தகப்பன் வீட்டில் போட்ட தட்டுக்கும் இதற்கும் இப்படி ஒரு தொடுப்பு இருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய் சிலிர்க்கிறது. 1968இல் ஜாஸ் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் தன்னுடைய 'மைல்ஸ் இன் த ஸ்கை' தட்டில் ஒரு உருப்படிக்கு அவரைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். மைல்ஸ் சும்மா யாரையும் கூப்பிடுகிறவர் இல்லை.

அதே 1968 ஜூனில் வெஸ் மொன்ட்கொமரி 45 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். வெஸ்ஸின் கடைசிக் காலத் தட்டுகளைத் தயாரித்த கிரீட் டெய்லர் அதன் பிறகு பென்சனைத் தன் பக்கம் எடுத்தார், 70களின் முதல் பாதி முழுக்க அவருடைய சிடிஐ நிறுவனத்தில் போனது. அடுத்து வார்னர் நிறுவனம், தயாரிப்பாளர் டொமி லிப்யூமா. 1976 ஜனவரியில் ஹொலிவூட்டில் உள்ள கப்பிட்டல் கலையகத்தில் பதிந்ததுதான் உங்கள் 'பிரீசின்'. பென்சன் தன்னோடு ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்த ஆக்களையே பெரும்பாலும் கலையகத்துக்குக் கொண்டுபோனார், வயலின் கூட்டத்தை கிளவுஸ் ஓகர்மன் எழுதினார்.

அந்தத் தட்டில் மொத்தம் 6 உருப்படி. அதில் பாடியது ஒன்றே ஒன்று, லியோன் ரஸல் எழுதிய 'திஸ் மாஸ்கரேட்'. மற்ற ஐந்தும் கிற்றார்! இதைத்தான் கிற்றாரைக் கைவிட்ட தட்டு என்கிறார்கள். பில்போர்டின் ஜாஸ், ஆர் அண்ட் பி, பொப் என்று மூன்று இசைத்தட்டுப் பட்டியல்களிலும் அது முதலிடத்துக்குப் போனது. அடுத்த வருசம் கிராமி விருதில் 'திஸ் மாஸ்கரேட்' அந்த ஆண்டின் சிறந்த பதிவு என்று எடுபட்டது, அதே இரவில் வெறும் வாத்திய இசைக்கென்றும் பென்சனுக்கு இரண்டு விருது கிடைத்தது. பாடுகிற ஆள் இல்லாத பாட்டை யார் கேட்பான் என்ற அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பிறகு 1980இல் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸுடன் நடனப் பாட்டுத் தட்டு, அதெல்லாம் உண்மைதான். ஆனால் 1989இல் மெக்கோய் டைனர் பியானோ வாசிக்க ஒரு சுத்தமான ஜாஸ் தட்டு, 1990இல் கவுண்ட் பேஸி இசைக்குழுவோடு ஒரு தட்டு. 2009இல் அமெரிக்க அரசின் கலைநிதியம் 'ஜாஸ் மாஸ்டர்' என்று பட்டம் கொடுத்தது. விற்றுவிட்டுப் போனவனைத் திரும்பக் கூப்பிட்டு இப்படி ஒரு பட்டம் கொடுக்க மாட்டார்கள்.

சீனன்குடா_ரசிகன்:

ஐயா சொன்ன வரலாறு எல்லாம் சரி. ஆனால் நான் ஒன்று சொல்ல வேண்டும், தம்பிக்கு ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் போதாது. 80களில் பென்சன் போட்ட தட்டுகள் சிலவற்றில் கிற்றார் ஒரு ஊறுகாய் அளவுக்குத்தான் வருகிறது. குரல் அருமை, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு எட்டு பாருக்கு மட்டும் வாசித்துவிட்டு நிறுத்தினால் எனக்கு ஆறவில்லை. அந்த வெளிநாட்டுக்காரர் சொன்னது முழுப் பொய் என்று ஒதுக்க வேண்டாம், வருசத்தை மாற்றிச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் 1971இல் வந்த 'பியோண்ட் த ப்ளூ ஹொரைசன்' தட்டிலிருந்து தொடங்குங்கள். ரொன் கார்ட்டர் பேஸ், ஜாக் டிஜொனெட் ட்ரம்ஸ், கிளாரன்ஸ் பாமர் ஓர்கன். முதல் உருப்படியே மைல்ஸ் டேவிஸுடையது. அதில் பென்சன் எடுக்கிற சோலோவைக் கேளுங்கள், ஆள் எரிகிறார். அதைக் கேட்ட பிறகு 'பிரீசின்' தட்டுக்குப் போனால், அந்த மெதுவான வாசிப்புக்குள் எவ்வளவு அடங்கிக் கிடக்கிறது என்று விளங்கும். தலைகீழாகக் கேட்டால் அது விளங்காது.

அதோடு இந்த 'விற்றுவிட்டான்' என்ற பேச்சு பென்சனோடு தொடங்கவும் இல்லை. வெஸ்ஸுக்கும் இதையேதான் சொன்னார்கள். 1967இல் கிரீட் டெய்லரோடு சேர்ந்து வயலின் கூட்டம் பின்னால் வைத்து, தெரிந்த பொப் பாட்டுகளை ஒக்டேவில், அதாவது ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்து, வாசித்துப் போட்ட 'எ டே இன் த லைஃப்' நன்றாக விற்றது, விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த மனுசன் இண்டியானாபொலிஸில் பகலில் தொழிற்சாலை, இரவில் கிளப் என்று உடம்பை உருக்கி ஏழு பிள்ளைகளைப் பார்த்தவர். முப்பத்தைந்து வயது தாண்டும்வரை அவருக்கு வெளியே பெயரே கிடையாது. கடைசி இரண்டு மூன்று வருசம் கையில் நாலு காசு பார்த்தார், அதற்குள் சாவு வந்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஸ்மூத் ஜாஸ் கிற்றார் என்று இன்றைக்கு நாம் சொல்வதன் அச்சு அந்தத் தட்டுகள்தான்: தெரிந்த மெட்டு, மெதுவான தாளம், பின்னால் வயலின், முன்னால் பாடுகிற மாதிரி ஒரு கிற்றார்.

ஆறுகம்பி:

பழகுவது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதை நான் எழுதுகிறேன். இங்கே பிள்ளைகளுக்குக் கிற்றார் சொல்லிக் கொடுக்கிறவள் நான், பென்சனின் சோலோக்களைக் காதால் கேட்டு எழுதி எழுதியே வளர்ந்தவள்.

தம்பி, முதல் வேலை வாயால். பென்சன் வாசிக்கும்போது அதே சுரங்களைக் கூடவே பாடுகிறாரே, அதைச் சனத்துக்குச் செய்து காட்டுகிற வித்தை என்று நினைக்க வேண்டாம். வாய் மூச்சு எடுக்கிற இடத்தில் கையும் நிற்கும். கிற்றார்காரர்களுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை, அதனால்தான் நாங்கள் நிறுத்தாமல் வாசித்துக் கேட்கிறவரைக் களைக்கப் பண்ணுகிறோம். இப்படிச் செய்யுங்கள்: ஒரு கோர்ட்டை (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டு) பதிவு செய்து ஓட விட்டு, கிற்றாரைத் தொடாமல் நாலு சுரம் பாடுங்கள். பாடியதைக் கண்டுபிடித்து வாசியுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். தொடக்கத்தில் ஆமை வேகம்தான், பரவாயில்லை. கை தானாக ஓடிய சுரம் ஒன்றைக்கூட உள்ளே விடாதீர்கள், பாடியது மட்டும்தான். இசைக்குழுவில் வாசிக்கிறவர் என்றபடியால் காது உங்களுக்கு ஏற்கெனவே நல்லாக இருக்கும்.

அடுத்தது ஒக்டேவ். வெஸ் கொண்டுவந்த வாசிப்பு, பென்சன் அதை இன்னும் விரித்தார். தடித்த ஆறாம் கம்பியில் சுட்டுவிரல், ஒரு கம்பி விட்டு நாலாம் கம்பியில் இரண்டு கட்டை (ஃப்ரெட்) மேலே மோதிரவிரல். ஐந்து, மூன்றிலும் அதே இடைவெளி. நாலு, இரண்டுக்கும் மூன்று, ஒன்றுக்கும் போகும்போது மூன்று கட்டை இடைவெளி வரும், அங்கே சின்னவிரலைப் போடுங்கள். நடுவில் இருக்கிற கம்பி பேசக் கூடாது, அதைச் சுட்டுவிரலின் அடிப்பக்கம் மெதுவாகச் சாய்ந்து ஊமையாக்க வேண்டும். நிறையப் பேர் பிழைக்கிற இடம் இதுதான், விரலை அழுத்துவதில் கவனம் வைத்துச் சாய்வதை விட்டுவிடுகிறார்கள், அப்போது மூன்று கம்பியும் சேர்ந்து கரகரக்கும். வெஸ் பிக் (கம்பியைத் தட்டுகிற சின்னத் தகடு) இல்லாமல் பெருவிரலின் சதையால் தட்டுவார், இரவில் வீட்டில் பழகும்போது மற்ற ஆக்களுக்குக் கரைச்சல் இல்லாமல் இருக்கத் தொடங்கிய பழக்கமாம். உங்கள் ஹோட்டல் வேலைக்கு அந்தச் சத்தம் அற்புதமாகப் பொருந்தும்.

பென்சன் பிக் பிடிக்கிற விதம் தனி. பெருவிரல் நுனி பின்னுக்கு வளைந்து, பிக் சாதாரணமாகப் பிடிப்பதற்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்து, அதன் பின்விளிம்புதான் கம்பியில் படும். அதனால்தான் அவ்வளவு வேகத்திலும் சுரம் உருண்டையாக விழுகிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி அவர் வலக்கையைப் பாருங்கள். ஆனால் இதைப் பிடிக்கப் போய் இப்போது இருக்கிற கையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், கொஞ்ச நேரம் மட்டும் தனியாகப் பழகுங்கள்.

இன்னொன்று. ஏர்ல் க்ளூவைக் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அவரை இன்னும் கிட்ட இருந்து கேளுங்கள். தனியாக இருந்து வாசிக்கிறவருக்கு அவர்தான் சரியான ஆசான். டெட்ரொயிட்டில் பிறந்தவர், பதின்மூன்று வயதில் தொலைக்காட்சியில் செட் அட்கின்ஸ் விரலால் வாசிப்பதைக் கண்டுதான் அந்தப் பக்கம் திரும்பினார். நைலோன் கம்பிக் கிற்றாரையே முழு வாழ்க்கைக்கும் வைத்துக்கொண்டார், பதின்ம வயதிலேயே பென்சனின் தட்டொன்றில் வாசித்தார். 1987இல் இரண்டு பேரும் சமமாக இருந்து ஒரு தட்டுப் போட்டார்கள். பேஸ், கோர்ட், மெட்டு மூன்றையும் ஒரு கையால் எப்படிப் பிரித்துக் கேட்க வைப்பது என்று அவரிடம் படிக்கலாம், அதற்கு விலை கூடிய கிற்றார் தேவையே இல்லை.

கடற்கரை_பேஸ்:

நான் இந்தத் தொழிலில் சாப்பிடுகிற ஆள், அதனால் பிழைப்புப் பக்கம் மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் கடற்கரைக்கு சீசன் மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும். ஒக்டோபருக்குப் பிறகு வடகீழ்ப் பருவக்காற்று, மழை, கடல் கொந்தளிப்பு, நிலாவெளி வெறிச்சோடிவிடும். அந்த நேரம் பார்த்துத் தெற்கில் தொடங்கும், டிசெம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் காலி, உணவட்டுன, ஹிக்கடுவப் பக்கம். வருசம் முழுக்க வாசித்து வாழ வேண்டும் என்றால் இரண்டு கரைக்கும் போகத் தயாராக இருக்க வேண்டும். இங்கே மட்டும் இருந்துகொண்டு இந்த இசையை மட்டும் வாசித்து வாழலாம் என்று நான் உனக்கு ஆசை காட்ட மாட்டேன். திருவிழாவையும் கலியாண வீட்டையும் விடாதே, படிப்பித்தல் கிடைத்தால் அதையும் எடு.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்காதே. அங்கே அமெரிக்காவில் பெரிய ஆக்களும் இப்படிப் பல கால் வைத்துத்தான் நின்றார்கள். லாரி கார்ல்டன், லீ ரிட்டனவர் இரண்டு பேரும் லொஸ் ஏஞ்சலிஸில் கலையகக் கலைஞர்கள். காலையில் ஒரு பாடகருக்கு, பின்னேரம் ஒரு விளம்பரத்துக்கு, இரவில் ஒரு படத்துக்கு என்று தாளைப் பார்த்து உடனே வாசிக்கிற வேலை. 'க்ரூசேடர்ஸ்' குழுவில் இருந்தார் கார்ல்டன், ஸ்டீலி டேன் தட்டுகளில் அவர் எடுத்த சோலோவை இன்றைக்கும் பெடியன்கள் படிக்கிறார்கள். 1988இல் தன் கலையகத்துக்கு வெளியே முன்பின் தெரியாத ஒருவன் சுட்டுக் கழுத்தில் காயம், நரம்பு பாதிக்கப்பட்டது, குரலும் போனது. மெல்ல மெல்லத் தேறித் திரும்ப வாசித்து அடுத்த வருசமே தட்டும் வந்தது. ரிட்டனவர் 90களின் தொடக்கத்தில் பொப் ஜேம்ஸோடு சேர்ந்து 'ஃபோர்ப்ளே' குழுவைத் தொடங்கினார், 1997இல் அவர் விலக அந்த இடத்துக்கு வந்தவர் அதே கார்ல்டன்.

அப்புறம் இந்த இசைக்கு ஒரு பெரிய காலம் வந்து போனதும் தெரிந்திருக்க வேண்டும். 1987இல் லொஸ் ஏஞ்சலிஸில் 'த வேவ்' என்ற வானொலி ஒரு ரொக் நிலையத்தை மாற்றித் தொடங்கினது, அதைப் பார்த்து ஊர் ஊராக ஸ்மூத் ஜாஸ் நிலையங்கள் முளைத்தன. பகல் முழுக்க அலுவலகங்களில் ஓடும். அந்தக் காலத்தில் ஒரு கிற்றார்காரருக்கு வானொலி ஒன்றே பெயர் வாங்கிக் கொடுக்கும். 2008இல் நியூயோர்க் நிலையம் நிறுத்திவிட்டது, 2009இல் சிகாகோ நிலையமும் போனது. ஆனாலும் இசை சாகவில்லை, கலைஞர்கள் மேடைக்கும் விழாக்களுக்கும் சொகுசுக் கப்பல் பயணங்களுக்கும் போய்விட்டார்கள். கேட்கிற ஆக்கள் இருந்த இடத்துக்கு எழுந்து போனார்கள். நீயும் பதிவு செய்து இணையத்தில் போடு, ஹோட்டல் முகாமையாளருக்குக் காட்ட உன் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இனி நேரடியான விசயம். சம்பளத்தை வாசிக்க முதலே எழுத்தில் வாங்கு. சீசன் முடியக் கணக்குப் பார்ப்போம் என்று சொன்ன ஒரு இடத்தில் நான் மாதக்கணக்காக அலைந்திருக்கிறேன். கிற்றாரின் ஒலிபெருக்கிப் பெட்டியைச் சாப்பாட்டு மேசைகளுக்கு நேராக வைக்காதே, பக்கச் சுவருக்குத் திருப்பி வை, பக்கத்து மேசைக்காரர் குரலை உயர்த்தாமல் கதைக்க முடிய வேண்டும். முதல் அரை மணித்தியாலம் தெரிந்த மெட்டுகளை மட்டும் வாசி, சோலோவைச் சுருக்கு. தலைகள் உன் பக்கம் திரும்பத் தொடங்கின பிறகு உனக்குப் பிடித்ததை எடு. இந்தியச் சுற்றுலாக்காரர் இருந்தால் இளையராஜா பாட்டொன்றை ஜாஸில் வருகிற அந்த மேஜர் செவன்த், நைன்த் கோர்ட்டுகளோடு மெதுவாக எடுத்துப் பார், மேசையே அமைதியாகும். பென்சன் பொப் பாட்டை எடுத்த மாதிரித்தான் இதுவும், எங்கள் சனத்துக்குத் தெரிந்த மெட்டு இவை.

உப்புவெளி_பெடியன்:

எல்லாருக்கும் கோடி நன்றி. ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாத்திய இசைக்கு இரண்டு விருது என்ற இடத்தில் திரும்ப ஒருக்கால் வாசி என்றார். அரசாங்க வேலைக் கதையை விடவில்லை, ஆனால் அந்தத் தட்டைப் போடு பார்ப்போம் என்று கேட்டார், இருந்து முழுவதும் கேட்டார்.

சீனன்குடா அண்ணா, 71 தட்டைக் கேட்டேன். நீங்கள் சொன்னது சரி, அதைக் கேட்டுவிட்டுப் 'பிரீசின்' கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. ஒரு சுரத்தை விட்டுவிட்டுப் போகிற இடங்களில் அவரால் அங்கே என்னவெல்லாம் வாசித்திருக்க முடியும் என்று இப்போது தெரிகிறது.

ஆறுகம்பி அக்கா, பாடி வாசிப்பது பெரிய கரைச்சல், ஆனால் இரண்டாம் நாளே எனக்கு ஒன்று பிடிபட்டது: நான் வாசித்ததில் பாதிக்கு மேல் கைப்பழக்கம்தான், மனதில் கேட்டது இல்லை. தொடர்ந்து செய்கிறேன். இன்னும் இரண்டு சின்னக் கேள்வி. என்னிடம் இருப்பது சாதாரண சொலிட் பொடிக் கிற்றார். பென்சனுடையது மாதிரி உள்ளே வெற்றிடமாக இருக்கிற கிற்றார் வாங்கக் காசு சேர்க்க வேண்டுமா? மற்றது, கடற்கரையில் வாசித்தால் கம்பி கெதியாகத் துருப்பிடித்துச் சத்தம் செத்துப்போகிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஓர்ஸ்ஹில்_வானொலி:

இப்போதைக்கு வாங்க வேண்டாம் தம்பி. வெற்றிடக் கிற்றார் சத்தம் கூட்டினால் ஊளையிடும், அதுதான் அதன் வியாதி. பென்சனுக்கே அது தலையிடியாக இருந்தபடியால்தான் 1977இல் ஐபனேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஜிபி10 என்ற கிற்றாரைக் கொண்டுவந்தார், உடம்பைச் சின்னதாக்கி, பெரிய மேடையில் பெரிய சத்தத்திலும் ஊளையிடாமல் நிற்கிற மாதிரி. அது இன்றும் விற்பனையில் இருக்கிறது, ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டாது. உங்கள் கிற்றாரில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை (கம்பியின் சத்தத்தைப் பிடிக்கிற பாகம்) மட்டும் போட்டு, டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, பிக்கைக் கழுத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் வாசியுங்கள். முக்கால்வாசி அங்கேயே கிடைத்துவிடும்.

கடற்கரை_பேஸ்:

கம்பிக்கு: வாசித்து முடிந்த உடனே, கதைக்கப் போக முதல், உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடை. உப்புக் காற்றும் கை வேர்வையும் சேர்ந்துதான் தின்கிறது. கிற்றாரை இரவில் வெளியே ஸ்டாண்டில் விடாதே, பெட்டிக்குள் வை, சிலிக்கா ஜெல் பக்கெட் இரண்டு போடு. பிளாட்வூண்ட் கம்பி கிடைத்தால் அதற்கு மாறு, சுற்று தட்டையாக இருப்பதால் ஊத்தை உள்ளே போய்த் தங்காது, விரல் வழுக்கும்போது கீச்சென்ற சத்தமும் இல்லை, பென்சன் போடுவதும் அந்த வகைதான். திருகோணமலைக் கடைகளில் நான் காணவில்லை. அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறேன், கம்பித் தடிப்பு பதினொன்றிலா பன்னிரண்டிலா தொடங்குகிற செட் வேண்டும் என்று சொல்லு, கிடைத்தால் வாங்கி வருகிறேன். முதல் தரம் போடுகிறாய் என்றால் பதினொன்று போதும்.